இரண்டாம் வெற்றி

மர்ஸூக் நீட்டிப் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. படுத்தால் வயிற்றிலுள்ள புளித்தண்ணீர் எதுக்களித்துத் தொண்டைக்கு வரும். தொண்டையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கிவிடும். ஒரு தடவை அப்படி இறங்கி, முகம் நீலம் பூத்து, மூதி என்ற அவர் மனைவி முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தித்தான் மனுஷனை மீட்டாள். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். தூக்கம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தலை தொங்கும், கழுத்து வலிக்கும், விழித்துக்கொள்வார். பக்கத்துக் கட்டிலில் மூதி கைகாலை நீட்டிப் படுத்திருப்பாள். உலகத்திலேயே அவர் பொறாமைப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

குவைத்தின் சவூதி எல்லைச் சுங்கச் சாவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மர்ஸூக். வேலைக் காலமெல்லாம் அடுத்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தவர். சிரித்துப் பேசுகிறவன் பெட்டியைத்தான் முதலில் திறக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவரே சிரித்துப் பேசிய ஒரு டாக்டரிடம் தன் வயிற்றைத் திறக்கக் கொடுத்தார் என்றால், காலம் அப்படி.

அந்த வருஷங்களில் குவைத்தில் வயிற்றை வெட்டிக்கொள்வது முடி வெட்டிக்கொள்வதுபோல் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆண்கள் கூடிப் பேசுகிற திவானியாவில் பாதிப் பேர் வெட்டிக்கொண்டவர்கள். "யார்கிட்ட வெட்டினே?" என்று கேட்பார்கள். "எதுக்கு வெட்டினே?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வெட்டாதவனைக் கஞ்சனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மர்ஸூக்குக்கு முட்டிவலி, சர்க்கரை, படி ஏறினால் இளைப்பு. அர்ரஷாக்கா மருத்துவமனையில் போய்ப் படுத்தார். அவர்கள் இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயை மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

உடம்பு இளைத்தது. சர்க்கரை இறங்கியது. பசி என்பதே போயிற்று. இதெல்லாம் அவர்கள் சொன்னபடிதான். சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று இந்த எதுக்களிப்பு. இன்னொன்றை எப்படிச் சொல்வதென்று அவருக்கே தெரியவில்லை.

ஒருநாள் நண்பகலில் காரில் போய்க்கொண்டிருந்தார். வெளியே தார் இளகும் வெயில். வயிறு இரைந்தது. பசித்தவன் வயிறு இரையுமே, அந்த இரைச்சல். முதலில் நீளமாக ஓர் உருட்டல், அப்புறம் பூனைக்குட்டி எதையோ கேட்பதுபோல் ஒரு முனகல். அது அவருடைய சொந்த இரைச்சல். அறுபது வருஷம் கேட்ட சத்தம் அடையாளம் தெரியாமல் போகுமா? ஆனால் வந்தது அவர் வயிற்றிலிருந்து இல்லை, பக்கத்து இருக்கையிலிருந்து. அங்கே யாருமில்லை. யாருமில்லாத அந்த இருக்கைக்கு வார் மாட்டவில்லை என்று கார் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது.

மர்ஸூக் ஓரமாக நிறுத்தினார். இருக்கையைத் தடவிப் பார்த்தார். நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. பிறகு கையை நீட்டி அந்த வெறும் இருக்கைக்கு வாரை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. வேறென்ன செய்வது? முன்னால் போலீஸ்காரன் வேறு நின்றுகொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அது அவரை விட்டுப் போகவில்லை. அவர் போகிற இடமெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரைந்தது. கடைசியில் மூதிக்கும் கேட்டது.

"ஏ மனுஷா, உனக்குத்தான் பசியே கிடையாதே. அப்புறம் இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப சாப்பிட்டுத் தொலை."

"நான் சாப்பிட்டா அதுக்குப் போய்ச் சேரலையே, மூதி."

மூதி அடுப்பை அணைத்துவிட்டு அபாயா அங்கியை எடுத்து மாட்டினாள். "எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம். வெட்டினவன்தானே ஒட்டணும்."

அர்ரஷாக்கா கடலைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனதும் மர்ஸூக் செய்த முதல் தப்பு, வரவேற்பு மேஜையில் நின்று, "திருத்த ஆபரேஷன் பண்ற இடம் எதும்மா?" என்று கேட்டது. மேஜையிலிருந்த பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"பெரியப்பா, மெதுவா. அந்த வார்த்தையை இங்க சொல்லக்கூடாது. திருத்தம்னா முன்னாடி ஏதோ தப்பு நடந்துச்சுன்னு ஆகுதில்ல? இங்க தப்பே நடந்ததில்ல. நாங்க அதை 'இரண்டாம் வெற்றி'ன்னு சொல்றோம்."

"முதல் வெற்றியிலேயே செத்துப் பிழைச்சேன், மகளே."

"மாஷா அல்லாஹ். மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் காத்திருக்கும் கூடம். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டிருந்தார்கள். ஒரு நாற்காலியில் நோயாளி உட்கார்ந்திருப்பான், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அதன்மேல் யாரும் பையை வைக்கவில்லை, செய்தித்தாளை வைக்கவில்லை. துணைக்கு வந்தவர்கள் பாதிக் கூடம் காலியாக இருந்தும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். காலி நாற்காலிகளிலிருந்து, ஒன்று விட்டு ஒன்று, உருட்டலும் முனகலும் வந்துகொண்டிருந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூதி நர்ஸைப் பிடித்தாள். "ஏம்மா ரெண்டு ரெண்டு நாற்காலி?"

"விதி."

"என்ன விதி?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு."

அதற்குமேல் நர்ஸுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். மர்ஸூக் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தார். இந்தக் கட்டடத்துக்கு விஷயம் தெரியும். தெரிந்துதான் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

எதிரே பூ ஹிலால் என்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெட்டிக்கொண்டவர் என்று சொன்னால் நம்பமுடியாது, அவ்வளவு பெருத்திருந்தார். தாமாகவே பேச்சுக் கொடுத்தார்.

"உனக்கு எங்க ஆரம்பிச்சுது?"

"கார்ல."

"எனக்கு என் மகன் கல்யாணத்துல. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, என் பின்னாடி நின்னு அது அழுவுது. பாவமா இருந்துச்சு. அதுக்காகன்னு நான் சாப்பிட ஆரம்பிச்சேன். இப்பப் பார்." வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இவ்வளவு சாப்பிட்டும் ஒரு வாய்கூட அதுக்குப் போகல. கொழுப்பு எனக்கு, பசி அதுக்கு."

அவர் பக்கத்து நாற்காலி முனகியது. பூ ஹிலால் அதன் கைப்பிடியை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டர் குதைபாதான் முதலில் வெட்டியவர். மர்ஸூக்கின் தொண்டை வழியே குழாய்க் கேமராவை இறக்கி, திரையில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! என் கைவேலை. ஒரு சுருக்கம், ஒரு கோணல் கிடையாது. இதை மாநாட்டுல காட்டணும்."

குழாயை வெளியே எடுத்ததும் மர்ஸூக் கேட்டார்: "தொண்டை?"

"தொண்டை வெந்துபோயிருக்கு. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. தொண்டையை நான் தொடவே இல்லையே."

"வழி உண்டா இல்லையா?" என்றாள் மூதி.

"ஏன் இல்லாம? இந்தக் குழாயை மேல வெட்டி முட்டையளவு ஒரு பையை மட்டும் விடுவோம். கீழேயிருந்து சிறுகுடலைத் தூக்கிட்டு வந்து அந்தப் பையோட சேர்த்துருவோம். புளிப்பு மேல ஏறாது, கீழேயே ஓடிரும். அப்புறம் மல்லாக்கப் படுக்கலாம், ஒருக்களிச்சுப் படுக்கலாம், எப்படி வேணும்னாலும் படுக்கலாம்."

'மல்லாக்க' என்ற சொல்லைக் கேட்டு மர்ஸூக்குக்குக் கண் கலங்கியது. மற்றவர்களுக்குப் பலகாரத்தைப் பார்த்தால் வருவது அவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டு வந்தது. வாய் ஊறியது.

"எப்ப பண்ணலாம்?"

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுலதான் சிக்கல். இரண்டாம் வெற்றி, மறுபடி குண்டானவங்களுக்குத்தான். நீங்க இளைச்சே இருக்கீங்க. அதாவது நீங்க எங்க முதல் வெற்றி. உங்களை வெட்டினா எங்களுக்கு ஒரு வெற்றி குறையும்."

"அப்ப நான் குண்டாகணுமா?"

"ஒரு டாக்டர் அப்படிச் சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். புரிதல் பிரிவுல சொல்வாங்க."

மர்ஸூக் எழுந்திருக்கவில்லை. "வெட்டி எடுத்தீங்களே, அது எங்க?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். "அதுல ஒரு குறை சொல்லமுடியாது. எடுத்த பாகத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல. புகார் எல்லாம் நாங்க உங்ககிட்ட விட்டுவெச்ச பாகத்துலேருந்துதான் வருது."

"எங்கன்னு கேட்டேன்."

"மனுஷ உடம்பாச்சே. வெள்ளைத் துணியில சுத்தி மரியாதையாப் புதைச்சாச்சு. மையவாடி ஓரத்துல. எல்லாரோடதும் ஒண்ணா."

"பசியோடவா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடறது விதியாச்சே."

மர்ஸூக் மூதியைப் பார்த்தார். "கேட்டியா? வெறும் வயித்தோடதான் போயிருக்கு."

அந்த அறையிலும் ஒரு காலி நாற்காலி இருந்தது. அது நீளமாக உருண்டது. டாக்டர் தலையைத் தூக்காமல், கருவியின் பீப் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

புரிதல் பிரிவுத் தலைவர் பெயர் ஸஃப்வான். சட்டம் படித்தவர். வயிற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நோயாளி என்ன புரிந்துகொள்ளவேண்டும் என்பது தெரியும். அறையில் அகில் கட்டைப் புகை மணந்தது. அவர் இருவருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, தலாலின் தகப்பன் என்று மகன் பேரைச் சொல்லி மர்ஸூக்கை மரியாதையாக அழைத்துக் கேட்டார்:

"பூ தலால், முதல் அறுவை தோற்றதுன்னு நினைக்கிறீங்களா?"

"தோத்துச்சு."

"தப்பு. அறுவை தோற்கல. நீங்க அறுவைக்குத் தோற்றீங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் அடுத்த படி."

"வயித்தை வெட்டினது யாரு?"

"நாங்க."

"எரியறது யாருக்கு?"

"உங்களுக்கு."

"அப்ப?"

"அதைத்தான் சொல்றேன். பிரச்சனை உங்ககிட்டதான் இருக்கு. எங்ககிட்ட எரியவே இல்லை பாருங்க." ஸஃப்வான் மேஜைமேல் கையை விரித்துக் காட்டினார். "நாங்க நோயாளியைக் குறைசொல்ற ஆஸ்பத்திரி இல்ல. குறை அவரோடதுன்னு அவரே புரிஞ்சுக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கிற ஆஸ்பத்திரி."

மூதி காப்பியை வைத்தாள். "இவர் படுக்கணும். அதுக்கு என்ன புரியணுமோ அதை எனக்குச் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

"பெண்கள் புரிஞ்சுக்கறது செல்லாது, அம்மா. அவர் வியாழக்கிழமை புரிதல் விருந்துக்கு வரட்டும். வாயடக்கம் இருக்கான்னு பார்க்கத்தான் விருந்து. அங்க சாப்பிடாம இருந்தா, எடை விஷயத்தைக் கொஞ்சம் கண்டுக்காம விடலாம்."

சாப்பிடாதவர்களுக்கு ஒரு விருந்து என்பது வேறு ஊர்க்காரனுக்கு விளங்காது. மருத்துவமனைத் தலைவர் பூ ஃபவ்வாஸ் பெரிய வீட்டுப் பிள்ளை. அவர் வாசலை மிதித்தவன் வயிறு நிறையாமல் திரும்பினான் என்று பரம்பரையில் ஒரு பேச்சு வந்ததில்லை. ஆகவே வயிற்றை அடக்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பானாலும் ஆடு அறுத்தாகவேண்டும். ஒரு பிரிவு ஊட்டும், ஒரு பிரிவு தின்றவனைப் பிடிக்கும். இதில் முரண் இருப்பதாக மருத்துவமனையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவன் வேலையில் இருந்திருக்கமாட்டான்.

வியாழக்கிழமை மதியம். பெரிய கூடம், தரையில் கம்பளம், நீள விரிப்பு. நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், ஒவ்வொருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு. முதலில் உணவு ஆலோசகி எழுந்து, ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்லவேண்டும் என்று விளக்கினாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகுக்குப் பின்னால், சோற்று மலைமேல் முழு ஆடு முழு ஆடாக நால்வர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். நெய்யும் ஏலக்காயும் மணத்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவெளிகளில் உருட்டல் தொடங்கியது.

பூ ஃபவ்வாஸ் எழுந்தார். வாட்டசாட்டமான மனிதர், மேலங்கியில் தங்கச் சரிகை.

"சகோதரர்களே! என் பாட்டனார் காலத்துல இந்த நாட்டுக்கு அரிசி இறக்கினது எங்க குடும்பம். என் தகப்பனார் சர்க்கரை இறக்கினார். நான் எண்ணெய் இறக்கினேன். நீங்க இவ்வளவு வளர்ந்தது எங்களால. இன்னிக்கு உங்களைக் குறைக்கிறதும் நாங்கதான். ஒரு கையால போட்டதை இன்னொரு கையால எடுக்கறோம். வெளிநாட்டுக்காரனை நம்பி விட்டோமா? இல்ல. ஆரம்பிச்ச குடும்பமே முடிச்சுவைக்கும். இதுக்குப் பேருதான் சேவை. பிஸ்மில்லாஹ், சாப்பிடுங்க!"

ஒரு கையும் நகரவில்லை. எல்லோரும் புரிதல் பெற வந்தவர்கள். ஓரத்தில் ஆலோசகி கண்கொட்டாமல் நின்றாள்.

பூ ஃபவ்வாஸுக்கு முகம் மாறியது. வகுப்பு என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. தன் விரிப்பில் உட்கார்ந்து தன் ஆட்டைத் தொடாத மனிதர்கள்! நேராக மர்ஸூக்கின் முன்னால் வந்து நின்றார். ஆட்டின் கொழுத்த வாலிலிருந்து பெரிய கொழுப்புத் துண்டு ஒன்றைக் கையாலேயே பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

"பூ தலால், இது உனக்கு."

"அல்லாஹ் உங்க செல்வத்தைப் பெருக்கட்டும். என்னால முடியாது, எஜமான். இறங்காது. திரும்பி வந்துரும்."

"என் கையால வெச்சதைத் திருப்புவியா?"

"கையைத் திருப்பல. வயிறு—"

"என் மேல தலாக்!" பூ ஃபவ்வாஸ் கத்தினார். "நீ இதைச் சாப்பிடாம இந்த விரிப்பை விட்டு எந்திரிச்சா என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

ஆட்டைத் தூக்கி வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஸஃப்வான் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டார். பூ ஃபவ்வாஸின் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டபிறகுதான், அந்தக் கட்டடம் நிற்கிற நிலம் மனைவி பேரில் இருப்பது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

மர்ஸூக் கொழுப்பைப் பார்த்தார். தின்றால் தொண்டை அடைக்கும். அடைக்காவிட்டாலும் ஆலோசகி பார்த்துக்கொண்டிருக்கிறாள், படுக்கை போய்விடும். தின்னாவிட்டால் ஒரு குடும்பம் போய்விடும். எல்லைச் சாவடியில் கள்ளக் கடத்தல்காரனிடம்கூட அவர் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீட்டிப் படுப்பதற்கு மனுஷன் இன்னும் என்னதான் செய்யவேண்டும்?

அப்போது பக்கத்து இடைவெளியில் சத்தம் எழுந்தது. அது இதுவரை கேட்ட முனகல் இல்லை. மண்ணுக்கடியிலிருந்து வருகிற உருட்டல். கூடம் முழுக்க எல்லா இடைவெளிகளிலும் அது பரவியது. தட்டிலிருந்த கொழுப்பு ஒருமுறை அசைந்தது. பிறகு, யாரோ அவசரமாக உறிஞ்சுவதுபோல் சப்தம் வந்து, காணாமல் போயிற்று.

கொழுப்புக்கு அப்புறம் தொடை. தொடைக்கு அப்புறம் விலா. சோற்று மலை பள்ளம் விழுந்து விழுந்து சரிந்தது. மனிதர்கள் முழங்கால்மேல் கைவைத்து உட்கார்ந்தே இருந்தார்கள். பூ ஹிலால் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். "சாப்பிடு, சாப்பிடு" என்று பக்கத்து வெறுமையிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாத் தாம்பாளங்களிலும் எலும்பு மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

மர்ஸூக்கின் பக்கத்திலிருந்து ஓர் ஏப்பம் வந்தது. அதுவும் அவருடைய ஏப்பம்தான்.

மருத்துவமனைத் தலைவர் பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஸஃப்வானிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டாரா, சாப்பிடலையா?"

அதை ஆராய ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு உட்கார்ந்தது. மர்ஸூக்கையும் மூதியையும் கூப்பிட்டு, மர்ஸூக்குக்கு வழக்கம்போல் இரண்டு நாற்காலி போட்டார்கள். இரண்டாவது நாற்காலி மூன்று நாளாகச் சத்தம் போடவில்லை. ஸஃப்வான் எழுந்து நின்று பேசினார்.

"மார்க்கம் படிச்ச பெரியவங்களைக் கேட்கலாம்னு நினைச்சோம். அவங்க அல்லாஹ்வுக்குப் பயந்தவங்க, அதனால கேட்கல. நாங்களே முடிவெடுத்தோம். பூ தலால், உங்க இரைப்பையில அஞ்சுல நாலு பங்கை நாங்க எடுத்தோம். உங்ககிட்ட இருக்கிறது ஒரு பங்கு. பெரும்பான்மை எதுவோ அதுதான் மர்ஸூக். வியாழக்கிழமை பெரும்பான்மை சாப்பிட்டுச்சு. ஆகவே மர்ஸூக் சாப்பிட்டார். தலாக் ஆகல. எஜமானோட சம்சாரம் வீட்டுலயே இருக்காங்க. கட்டடம் நிலத்துலயே இருக்கு. எல்லாருக்கும் நன்மை."

"அப்ப நான் யாரு?" என்றார் மர்ஸூக்.

"நீங்க மிச்சம்."

மூதி எழுந்துவிட்டாள். "மிச்சமா? அஞ்சு பிள்ளை பெத்திருக்கேன் இவருக்கு. மிச்சத்தோடவா நான் குடும்பம் நடத்தினேன்?"

"கோபப்படாதீங்க அம்மா. அப்பல்லாம் அவர் முழுசு. ரெண்டு வருஷமாத்தான் மிச்சம்."

மூதி மறுபடி உட்கார்ந்தாள். அவள் சுங்கக்காரன் பெண்டாட்டி. எதிராளி எதைத் திறந்து காட்டுகிறானோ அதற்குள் கைவிட்டுப் பார்க்கத் தெரிந்தவள்.

"சரி. மர்ஸூக் சாப்பிட்டார்ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஒரு ஆட்டைத் தின்னவர் குண்டாகியிருப்பாரா, மாட்டாரா?"

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாட்டார் என்றால் சாப்பிடவில்லை என்றாகும். நிலம் போகும். "குண்டாகியிருப்பார்," என்றார் ஸஃப்வான்.

"அப்ப இரண்டாம் வெற்றிக்குத் தகுதி வந்துடுச்சு."

டாக்டர் குதைபா முதலில் தலையாட்டினார். "சந்தேகமில்லாம. நானே பண்றேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது மர்ஸூக் காரில் வாய்விட்டுச் சிரித்தார். "நீ சுங்கத்துல இருந்திருந்தா ஒரு தீப்பெட்டிகூட எல்லை தாண்டியிருக்காதுடி."

"பேசாம ஓட்டு. புது மெத்தை வாங்கணும். உன் பக்கம் எலி கடிச்சுக் கிடக்கு."

மெத்தை வாங்கினார்கள். மர்ஸூக் அதைக் கையால் அழுத்திப் பார்த்தார். படுக்கவில்லை. இன்னும் நாள் இருந்தது.

அறுவை நாள் காலையில் அவருக்குப் பச்சை அங்கி கொடுத்தார்கள். மூதி வீட்டுக்குப் போய் வேலைகளைக் கவனித்துவிட்டு மதியம் வருவதாகச் சொன்னாள். அறுவை அறையின் வாசலில் சக்கரக் கட்டில் தயாராக நின்றது. வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை. மர்ஸூக் ஒரு முழங்காலைக் கட்டிலில் வைத்தார். இன்னும் கொஞ்சம். மயக்க மருந்து ஏறிவிட்டால் எதுக்களிப்பு தெரியாது. கண் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நர்ஸ் அவர் தோளைத் தொட்டாள். "நீங்க இல்ல, பெரியப்பா."

"எது நான் இல்ல?"

"நோயாளி மர்ஸூக்தானே? ஆட்டைச் சாப்பிட்டவர்? அவருக்குத்தான் இன்னிக்கு. நீங்க அவர்கூட வந்தவங்க. துணைக்கு வந்தவங்க வெளியே உட்காரணும்."

"மகளே, எனக்குத்தான் எரியுது. அதுக்கு எரியாது. அதுக்குப் பசி மட்டுந்தான்."

"குழு முடிவு. நான் என்ன பண்ண முடியும்?"

கட்டிலின் விரிப்பு நடுவில் மெல்லக் குழிந்தது. தலையணையும் குழிந்தது. சக்கரங்கள் கனமான ஆளை ஏற்றியதுபோல் முனகின. இரண்டு ஆண் உதவியாளர்கள் மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை அங்கியோடு மர்ஸூக் வெளியே நின்றார். கதவைத் தட்டினார். ஒருமுறை காலால் உதைத்தார். காவலாள் வந்து அவர் கையை மென்மையாகப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

வெகுநேரம் கழித்து டாக்டர் குதைபா முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் பூ ஃபவ்வாஸ் பேரீச்சம்பழத் தட்டோடு வந்தார்.

"அற்புதம்!" என்றார் டாக்டர். "இப்படி ஒரு ஆபரேஷன் நான் பண்ணினதில்ல. ஒரு சொட்டு ரத்தம் வரல. நோயாளி வலின்னு ஒரு வார்த்தை சொல்லல."

"நம்ம மருத்துவமனையின் இரண்டாம் வெற்றி," என்று பூ ஃபவ்வாஸ் மர்ஸூக்கைக் கட்டிப்பிடித்தார். "நோயாளியோட சொந்தக்காரங்க மனநிம்மதிதான் எங்களுக்கு முக்கியம். பழம் எடுத்துக்க."

மர்ஸூக் பழத்தைத் தொடவில்லை. புளிப்பு தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, அவர்கள் காட்டிய அறைக்குப் போனார்.

கடலைப் பார்த்த நல்ல அறை. மதிய வெயிலைத் திரை பாதி மறைத்திருந்தது. கட்டிலில் யாருமில்லை. போர்வை மட்டும் ஒரு மனிதன் அளவுக்கு மேடு கட்டியிருந்தது. பருத்த மனிதன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இருந்த பருமன். மல்லாந்து, காலை அகட்டி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி. போர்வை ஏறியது, இறங்கியது. எதுக்களிப்பு இல்லை, இருமல் இல்லை. நிதானமான குறட்டை. கல்யாணமான புதிதில் மூதி தலையணையால் அடித்து நிறுத்துகிற அந்தக் குறட்டை.

துணைக்கு வந்தவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மர்ஸூக் அதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்ந்தால் எரிந்தது. முதலில் அவருக்கு ஆத்திரம் வந்தது. போர்வையைப் பிடித்து இழுத்து எறியலாமா என்று எழுந்தார். நெருங்கியதும், மேடு உடம்பைத் திருப்பி ஒரு பெருமூச்சு விட்டது. எவ்வளவு காலமாகத் தூங்காத பெருமூச்சு அது! மண்ணுக்குள்ளே, வெறும் வயிற்றோடு, முன்பின் தெரியாதவர்களின் பசிகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக் கிடந்த பெருமூச்சு. அவர் கை தானாகப் போர்வையை இழுத்துத் தோள்வரை போர்த்தியது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் மூச்சும் அதனோடு ஏறி இறங்கியது.

கதவு திறந்தது. மூதி சூப்புத் தூக்கோடு வந்தாள். ஆளில்லாத கட்டிலையும், பச்சை அங்கியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ மனுஷா! என்ன இது? ஏன் உட்கார்ந்திருக்கே? உன்னை இன்னும் படுக்கவைக்கலையா?"

மர்ஸூக் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதே, மூதி," என்றார். "இப்பத்தான் படுத்திருக்கேன்."